கம்ப்ரஸர் வேண்டாம்

மதியத் தூக்கம் கலைந்து வந்த பட்டறை முதலாளி, உள்ளே மரவேலை நடந்துகொண்டிருந்த கேரவன் வண்டியின் பின்கதவு வழியே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"காத்து கன்னுக்குக் கம்ப்ரஸரை ஓடவிடாம, பேட்டரி கன்ல ஆணி அடிக்கிறியா? அந்தப் பொம்மையைத் தூக்கிப் போடு. இல்லேன்னா வேலையை விட்டு நின்னுடு!"

மரவேலைக்காரி அசரவில்லை.

"நின்னுக்கிறேன் சார். ஆனா இந்த வண்டி இப்பவே கிளம்பியாகணும்."

சுவர்ப் பலகையில் கடைசி நான்கு ஆணிகளையும் இறக்கினாள்.

"அப்படி என்ன தலைபோற அவசரம்? யாரு வண்டி?"

பதிலுக்கு இன்ஜின் உறுமியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முதலாளியின் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என் வண்டிதான். கம்ப்ரஸர் சத்தத்துல நீங்க முழிச்சுக்குவீங்கன்னு, நான்தான் அந்த கன்னை வாங்கிக் கொடுத்தேன். இருபது வருஷம் உங்களோட குப்பை கொட்டினது போதும்! நீ கதவைச் சாத்திட்டு உக்காரும்மா, உனக்குத்தான் வேலை போயிடுச்சே!"