உறைந்த ஊசி

அண்ணி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடியே நிற்கிறாள். உள்விளக்கின் வெளிச்சம் அவள் கையிலிருக்கும் ஊசிமருந்தில் விழுகிறது. மருந்து கல்லாக உறைந்திருக்கிறது. உறைந்ததை உருக்கிப் போட முடியாது, குப்பைக்குத்தான். குரோன் நோய் அரித்த குடல் பகுதியை அண்ணனுக்கு வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தைத்த இடத்தில் மறுபடி புண் வராமல் தடுப்பது இந்த ஊசி. அண்ணன் நாற்காலியில் சட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். வயிற்றுத் தழும்பு பளபளக்கிறது. "ஃப்ரீஸர்ல யாரு வெச்சது?" என்கிறாள் அண்ணி. "நான் தொடலையே. எனக்கு அந்த மருந்துப் பெட்டியப் பார்த்தாலே பயம்மா," என்கிறாள் அம்மா. "நான்தான். கெடாம இருக்கட்டுமேன்னு," என்று சட்டையை இறக்கிவிடுகிறான் அண்ணன். அண்ணி திரும்பவில்லை. "ஊரு ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க. எங்க வெச்சா உறையும்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்." "வெட்டி எடுத்தாச்சு. நல்லா சாப்பிடறேன், தூங்கறேன். இன்னும் எதுக்குக் குத்திக்கிட்டே இருக்கணும்?" "போன தடவையும் நல்லாத்தான் சாப்பிட்டீங்க. அப்புறம் ராவெல்லாம் யாரு துடிச்சது?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அண்ணியின் விரல் சூட்டில் ஊசியின் மேல் நீர் கோத்து, தரையில் சொட்டுகிறது. ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்குகிறது. அண்ணன் காதைத் தீட்டிக் கேட்கிறான். "கதவ மூடு," என்கிறான், நிஜமான கவலையோடு. "கம்ப்ரஸர் போயிடும்."