அஞ்சு பவுண்டு எல் போர்டு

“பன்னிரண்டு வருஷமா எல் போர்டு! யப்பா நார்மன், உனக்குப் பரீட்சை வச்சவரே ரிட்டயர் ஆகி ஸ்பெயினுக்குப் போயிட்டாராம். நீ இன்னும் பாஸ் ஆகலையே!”

நெடுஞ்சாலை டீக்கடை வாசலில் நின்று டெரெக் கத்தியதும், பெரிய பெரிய பைக்குகளில் சாய்ந்து நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நார்மன் தன் நூற்றிருபத்தைந்து சிசி குட்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். முன்னாலும் பின்னாலும் வெள்ளைத் தகட்டில் சிவப்பு எல். அறுபத்து மூன்று வயது.

“அடுத்த தடவை பார்க்கலாம்பா” என்றார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர வந்திருந்த லொரைனுக்குச் சுருக்கென்றது. வயசான மனுஷனை இப்படியா கேலி பண்ணுவார்கள்? ஆனால் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவள் கவலை அவளுக்கு. முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணி ஷிப்ட். அந்த நேரத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பைக் ஓட்டினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போச்சு. நாற்பத்தாறு வயதில் ஹாண்டில்பாரைப் பிடிக்கவே பயம்.

“புது வண்டி வாங்கப் போறேன். எதுக்குக் காசு கொடுக்கலாம், எது தண்டம்? சொல்லுங்களேன்” என்று பொதுவாகக் கேட்டு வைத்தாள்.

“ஏபிஎஸ் பிரேக். மழைக்கு அதுதான் உயிர்.”

“கைப்பிடி சூடாகிற மாதிரி வாங்கிடு. பிப்ரவரி மாசத்துல விரல் பத்தும் இருக்கான்னு எண்ணிப் பார்க்கணும் இங்கே!”

“நல்ல சைலன்சர்” என்றான் டெரெக். “தெருவே திரும்பிப் பார்க்க வேண்டாமா?”

நார்மன் பன்னை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “எல் போர்டு நல்லதா வாங்கு அம்மணி. ஸ்டிக்கர் வேணாம், காத்துல பறந்துடும். அஞ்சு பவுண்டுக்குக் கெட்டித் தகடா கிடைக்கும். வருஷக்கணக்கா உழைக்கும்.”

“கேட்டுக்கோ, அனுபவஸ்தர் சொல்றார்!” என்றான் டெரெக். மறுபடி சிரிப்பு.

லொரைனும் சிரித்துவிட்டாள். உள்ளுக்குள், ‘கடவுளே, இவர் மாதிரி மட்டும் ஆகிடக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டாள்.

வண்டி வந்தது. சேமிப்பெல்லாம் போனது. பிரேக்குக்கும் கைப்பிடிச் சூட்டுக்கும் தாராளமாகக் கொடுத்தவள், எல் போர்டில் போய் மிச்சம் பிடித்து ஸ்டிக்கர் வாங்கினாள். மூன்றாம் நாளே ஒன்று பறந்து ஆற்றில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு கெட்டித் தகடு வாங்கி மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். இரண்டாவது ரவுண்டானா தாண்டுவதற்குள் பெரிய வண்டிகள் மாயமாகிவிட்டன. மேட்டில் இவள் வண்டி முக்கியது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஓரங்கட்டினாள். போதும் சாமி, நாளைக்கே விற்றுவிடலாம்.

பின்னாலிருந்து டுபுடுபுவென்று நார்மன் வந்து நின்றார்.

“மேட்டுல கியரைக் குறைச்சுக்கோ அம்மணி. வா, ரெண்டு பேருமா போகலாம். நான் பின்னாலேயே வர்றேன், திட்டுறவன் என்னைத் திட்டட்டும்.”

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். முன்னால் ஒரு எல், பின்னால் ஒரு எல். கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது மற்றவர்கள் மீனும் சிப்ஸும் தின்று முடித்திருப்பார்கள். “வந்துடுச்சுடா ஆமை ஜோடி!” என்பான் டெரெக்.

பயம் வரும்போதெல்லாம் லொரைன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: ‘பன்னிரண்டு வருஷமா பாஸ் ஆகாத மனுஷனே தைரியமா ஓட்டுறாரு, உனக்கென்னடி?’ கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும், அதுதான் அவளை ஓட்ட வைத்தது.

ஒரு நாள்கூட ஷிப்டுக்குத் தாமதமில்லை. செப்டம்பரில் முதல் தடவையிலேயே பாஸ்!

டீக்கடையில் எல்லாரும் கைதட்டினார்கள். நார்மன்தான் சத்தமாகத் தட்டினார். அவர் டீ வாங்க உள்ளே போனதும் லொரைன் பொறுக்கமாட்டாமல் டெரெக்கின் மேல் பாய்ந்தாள்.

“இனிமே அவரைக் கேலி பண்ணினா நடக்கிறதே வேற! பாவம், மனுஷன் எவ்வளவு வருஷமா...”

டெரெக் கன்னத்தைச் சொறிந்தான்.

“அவர் இருபத்தஞ்சு வருஷம் மோட்டார் சைக்கிள் போலீஸா இருந்தவர். வீட்டு ஷெட்டுல ஆயிரம் சிசி வண்டி நிக்குது. இந்தக் குட்டி வண்டி, பயந்துக்கிட்டு வர்றவங்களுக்குத் துணையாப் போக ஞாயித்துக்கிழமைக்குன்னு வச்சிருக்கிறது.”

லொரைன் திரும்பி, உள்ளே டீ வாங்கிக்கொண்டிருந்த நார்மனைப் பார்த்தாள்.

“நானும் அவர் கூட ஊர்ந்து வந்தவன்தான். அப்போ என் காதுபட அவரைக் கேலி பண்ணினது வேற ஒருத்தன். எனக்கும் ஆத்திரமா வந்துச்சு.” டெரெக் சிரித்தான். “அடுத்த வாரம் ஒரு தபால்காரர் வர்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பயப்படுறாராம்.”

அடுத்த ஞாயிறு தபால்காரர் ஓவன் ஓரமாக வெளிறிப்போய் நின்றார். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரின் ஒரு மூலை அதற்குள் உரிந்து காற்றில் ஆடியது. நார்மனின் வண்டி டுபுடுபுவென்று உள்ளே நுழைந்தது.

டெரெக் வாயைத் திறப்பதற்குள், ஓவனுக்கு நன்றாகக் கேட்கும்படி லொரைன் கத்தினாள்:

“பதிமூணு வருஷமா எல் போர்டு! ஏன் நார்மன், நேத்து வந்த நானே பாஸ் ஆயிட்டேன், உங்களுக்கு வெக்கமா இல்லை?”