ஏகமனதாக

"அதிகாரி வந்து கேட்டா இந்தக் கம்பெனி யாரோடதுன்னு சொல்வீங்க?"

"எங்களோடது" என்றார்கள் தையல்காரர்கள்.

"துக்கம் விசாரிக்கிற மாதிரி சொல்லாதீங்க. இன்னைக்கு ஒரு நாள் நான் முதலாளி இல்ல, நீங்க வெச்ச மேனேஜர். அண்ணேன்னு கூப்பிடுங்க. எவனாவது உளறினா அவனுக்கு இன்னைக்கே கணக்கு முடிச்சிடுவேன்."

அரசு மருத்துவமனைகளுக்குச் சீருடை தைக்கும் ஒப்பந்தம் அது. தொழிலாளர்களே சொந்தமாக நடத்தும் நிறுவனங்களுக்குத்தான் முன்னுரிமை என்று இந்த வருடம் சொல்லிவிட்டார்கள். முதலாளி யோசிக்கவே இல்லை. பங்குகளை எல்லோர் பெயருக்கும் சமமாக மாற்றினார், தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார். எல்லாம் பேருக்குத்தான். ஒப்பந்தம் கைநழுவினால் கதவை மூட வேண்டியதுதான்.

அதிகாரி வந்தாள். ஒரு சட்டையை எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தாள். நேராகத் துணி வெட்டும் மேசைக்குப் போனாள்.

"சம்பளத்தை யார் முடிவு பண்றது?"

"நாங்கதான் மேடம்" என்றாள் கட்டிங் அக்கா.

"மேனேஜர் சரியில்லைன்னா?"

"மாத்திடுவோம்."

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வேணும்னா இப்பவே காட்டறோம். அண்ணனை மேனேஜர் பொறுப்புல இருந்து எடுத்துடலாம்னு நான் சொல்றேன். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஒத்திகையில் இது இல்லை. ஆனாலும் பலே கைகாரிதான் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

ஒரு கைகூட எழவில்லை. மெஷின்களுக்குப் பின்னால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

பாவிகள், கெடுத்துத் தொலைக்கப் போகிறார்களே. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, தூக்குங்க தூக்குங்க என்று கண்ணாலேயே அதட்டினார் முதலாளி. ஓரமாக ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம். சந்தேகமே வரக் கூடாது என்று தன் கையையும் சேர்த்துத் தூக்கினார்.

அதிகாரி எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். "ஏகமனதா நிறைவேறியிருக்கு. நிஜமாவே உங்க நிறுவனம்தான். ஒப்பந்தத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று கையெழுத்திட்டுக் கிளம்பினாள்.

கார் தெருமுனை திரும்பியதும் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, நீ நாடகத்துக்குப் போயிருக்கணும். சரி, வேடிக்கை போதும். மெஷினை ஓட்டுங்க."

ஒரு மெஷினும் ஓடவில்லை.

"ஓட்டலாம். முதல்ல ஆபீஸ் சாவியை மேசையில வைங்க" என்றாள் அக்கா. "உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு, வெளியே அனுப்ப மாட்டோம். நாளையிலிருந்து பட்டன் தைக்க வந்துடுங்க."