அலமாரிக்குப் பின்னால்

டீச்சர் ஒரு வரி வாசித்தால், புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து அதே வரி மெல்லத் திரும்பி வந்தது. டீச்சரின் குரலிலேயே.

மூச்சு வாங்குகிற இடம்கூடத் தப்பவில்லை. டீச்சர் இருமினார். அங்கேயும் இருமல்.

கேட்க வந்திருந்த பதினோரு பேரும் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் தினமும் நாலு மணிக்கு நூலகத்தில் கதை வாசிப்பார். இன்றைய கதை, யாரிடமும் பேசாத, யார் முகத்தையும் பார்க்காத ஒரு பிள்ளையைப் பற்றியது. ஊரே அவனை ஒதுக்குகிற இடத்தில் ஒன்பது பேர் கண்ணைத் துடைத்தார்கள். டீச்சர் எண்ணியிருந்தார்.

"இப்படிப்பட்டவங்களைப் புரிஞ்சுக்கத்தாங்க கதையே இருக்கு" என்று புத்தகத்தை மூடினார்.

"கதையே இருக்கு" என்றது அலமாரி.

போய் எட்டிப் பார்த்தார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

டீச்சர் நூலகரை அங்கேயே அழைத்து, குரலைத் தாழ்த்தி நாலு வார்த்தை சொன்னார். அந்தப் பெண் திரும்பவே இல்லை.

"அந்தப் பொண்ணு யார் வம்புக்கும் போகாதுங்க டீச்சர். சொந்தமா பேச வராது. கேட்டதை அப்படியே சொல்லும், அவ்வளவுதான்" என்றார் நூலகர்.

"எனக்குப் பழிப்புக் காட்டுறா. இனி அவ வந்தா நான் வரமாட்டேன்."

நூலகர் தலையைச் சொறிந்தார். "சரிங்க. நாளைக்கு வாசல்லயே சொல்லி அனுப்பிடறேன்."

அரை மணி நேரம் பத்திரிகை புரட்டிவிட்டு டீச்சர் கிளம்பினார். இரண்டாவது சந்தில் கால் தானாக நின்றது.

ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து அவருடைய குரல் வந்துகொண்டிருந்தது. பதினேழாம் பக்கம். ஒரு சொல் பிசகவில்லை.

உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். வருஷக்கணக்கில் கட்டிலோடு கிடக்கும் அவள் அம்மா, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்தது. குரல் நிற்கவில்லை. கொஞ்சம் தாழ்ந்தது.

"இந்த மாதிரி ஜென்மங்களை மனுஷங்க நடுவுல எதுக்கு விடறீங்க? வீட்டுல பூட்டி வைக்கச் சொல்லுங்க."

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "யாருடி இவ, கதையில புதுசா வந்திருக்கா? இவ்வளவு பொல்லாதவளா இருக்காளே. கடைசியில திருந்துறாளான்னு நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்லு, கண்ணு."