பறக்கலாம் என்ற சான்றிதழ்

விமானப் பணிப்பெண் பிரிசில்லா, விடுமுறைக்குப் போன தீவில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு நாம வேலை பாக்குற நாட்டுல மட்டும்தான்டி செல்லும். லீவுக்குன்னு தனியா இன்சூரன்ஸ் எடுக்கலையா? எப்படியாவது பிளேன் ஏறி வந்துரு," என்றாள் போனில் தோழி மெர்லின்.

ஏறுவதற்கு, பறக்கலாம் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். பில் கட்டாமல் அவர் எழுதமாட்டார். அந்தக் காகிதம் இல்லாதவர்களை, சிரித்த முகம் மாறாமல் விமான வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் பிரிசில்லா. போன மாதம்கூட ஒரு பெரியவர் கட்டுப்போட்ட காலைக் காட்டி, "வீட்டுக்குத்தாம்மா போறேன்," என்று கெஞ்சினார்.

நர்ஸ் வந்தாள்.

"வீட்டுக்குத்தான் போறேன்," என்றாள் பிரிசில்லா.

தமிழ் தெரியாத நர்ஸ், சிரித்த முகம் மாறாமல், போர்வையை இழுத்து இருபுறமும் இறுக்கிச் செருகினாள்.