கழற்றிய வயர்கள்

தினகரன் இறந்த நாளிலிருந்து அவருடைய பழைய பியட் கார் கிளம்பவே இல்லை. விற்பதற்கு முன் ஓடவைத்துவிடலாம் என்று அவர் மனைவி கலைவாணி, மெக்கானிக் ஜான்சனை ஓரிக்கையில் இருந்த வீட்டுக்கு வரவழைத்தாள்.

ஜான்சன் விரிசல் விட்டிருந்த பிளக் வயர்கள் நான்கையும் கழற்றித் தரையில் போட்டான். புது வயரை எடுக்கப் பையருகே குனிந்தான். அப்போது இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது. சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

சத்தம் கேட்டுக் கலைவாணி ஈரக் கையோடு வெளியே வந்தாள். "இன்னாபா, வயர் மாத்திட்டியா?"

"இன்னும் மாட்டவே இல்லக்கா. எப்டி ஓடிக்கினு இருக்குதுன்னே தெரியல."

அவள் காலியாக இருந்த டிரைவர் இருக்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, "இதோ வந்துட்டேங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஜான்சன் பானெட்டை மெதுவாக மூடிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.