பத்தாம் வார்டு சுயேச்சை

“சாரே, உள்ளத சொல்லணும். சாரை ஆரு நிறுத்தினது?”

அறை வாசலில் நின்றபடியே கேட்டாள் சத்யபாமா. பத்தாம் வார்டில் கட்சிக்காக வீடுவீடாக ஏறி இறங்குகிறவள் அவள்தான். போன பஞ்சாயத்துத் தேர்தலில் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள். இந்தத் தடவை ஓட்டைப் பிரிக்க எதிர்க்கட்சிக்காரர்கள்தான் நெல்லையப்பனை இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

நெல்லையப்பன் வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊரான ஒற்றசேகரமங்கலத்தில் வீடும் ரப்பர் தோட்டமும் உண்டு. மனைவி இறந்த பிறகு எல்லாவற்றையும் பூட்டிப்போட்டுவிட்டு, இங்கே பாறசாலையில் பாத்திரக்கடை மாடியில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். ஏன் என்று கேட்டால், “இங்க பஸ் சௌகரியம் உண்டு” என்பார். அவர் பஸ் ஏறி ஒருவரும் பார்த்ததில்லை.

“ஆரும் நிறுத்தல்ல. நானாட்டு நின்னதாக்கும்.”

“ஜெயிப்போம்ணு சாருக்குத் தோணுதா?”

“இல்ல.”

“பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?”

“வேட்பாளர்ணா எந்த வீட்டுக்கும் போலாம். என்னத்துக்கு வந்தேருண்ணு ஆரும் கேக்க மாட்டாவ.”

சத்யபாமா உள்ளே பார்த்தாள். ஒரு நாற்காலி, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. அவளுக்குப் பாவமாகிவிட்டது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தேர்தலில் நிற்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள்.

“அது ஒரு பாவமாக்கும். அந்த ஆளை விட்டுருங்கோ,” என்று கட்சி ஆபீஸில் போய்ச் சொன்னாள்.

அவருக்கு அலமாரி சின்னம் கிடைத்தது. துணிப்பையில் நோட்டீஸை வைத்துக்கொண்டு தனியாகத்தான் நடந்தார். உட்காரச் சொன்ன வீடுகளில்கூட அவர் உட்காரவில்லை. கொடுத்த சாயாவை நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு இறங்கிவிடுவார்.

ஒருநாள் கால்வாய் ஓரத்தில் சத்யபாமா எதிரே வந்தாள். அவர் ராபின்சன் வீட்டுப் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்துச் சிரித்தாள். ராபின்சன் வளைகுடாவில் இருந்தான். வீட்டில் அவன் மனைவி சுனிதா மட்டும்தான்.

“அங்க போயி நேரத்தைக் களையாண்டாம் சாரே. வீட்டுல ஆரும் சம்மதிக்காத கல்யாணம் கழிஞ்சு இங்க வந்ததுக்குப் பெறகு அந்தப் பிள்ள ஒரு ஓட்டும் போட்டதில்ல. ஓரோ தடவையும் நான் போயிக் கூப்பிடுவேன். ஆரு ஜெயிச்சா எனக்கென்ன சேச்சிண்ணு கேக்கும்.”

“இருக்கட்டு. ஓட்டு போடாத வீட்டுக்கும் போணும்லா.”

அவர் பெல் அடிப்பதைச் சத்யபாமா சாலையில் நின்று பார்த்தாள். சுனிதா கதவைத் திறந்தாள். அவர் கைகூப்பி ஏதோ சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூப்பிய கையோடு அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நோட்டீஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

“வீட்டுல வேல இருக்கும் போல,” என்றார் சத்யபாமாவிடம்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பிறகு அந்தக் கதவு திறப்பதே நின்றுபோனது. “ஒரு ஓட்டுக்கு இப்படி அலையற வேட்பாளரை நான் கண்டதே இல்ல,” என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாள் சத்யபாமா.

தேர்தலன்று விடிந்ததிலிருந்து மழை. ஆட்டோ அனுப்பியும் ஆட்கள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. சத்யபாமாவுக்கு ஒவ்வொரு ஓட்டும் பெரிதாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு பெரிய கட்சிகளும் பந்தல் போட்டிருந்தன. மேசையும் சாயாவும் ஆட்களுமாக அங்கே ஒரே இரைச்சல். எதிர்ப்புறம், அடைத்த கடையின் கூரை இறவாணத்தில் நெல்லையப்பன் ஒற்றைக்கு நின்றார். பாதிச் சட்டை நனைந்திருந்தது. சாலையில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாக்குப்பதிவு முடிகிற சமயத்தில் குடை பிடித்துக்கொண்டு சுனிதா வந்தாள். சத்யபாமாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு அவள் திரும்பி வரும்போது நெல்லையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். சுனிதாவின் நடை நின்றது. அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அவள் வளைவில் திரும்பி மறைகிறவரை அவர் கையை இறக்கவில்லை.

சத்யபாமா மழையில் ஓடிப்போய் வளைவுக்கு அப்பால் அவளைப் பிடித்தாள். “நீ வந்ததுல எனக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா மக்களே! ஓட்டு நமக்குத்தானே?”

“உங்களுக்கு இல்ல சேச்சி.”

சத்யபாமாவின் முகம் சுருங்கியது. “பின்ன ஆருக்கு?”

சுனிதா குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்க அப்பா நிக்கும்போ, வேற ஆருக்குப் போட?”